ஒரு லட்சம் மைல் தாண்டிய பிக்கப் டிரக்: எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு செலவு

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் எஃப்-150, சில்வராடோ, சியரா, ராம் 1500, டன்ட்ரா போன்ற முழு அளவு பிக்கப்புகளில், பெரிய செலவு வரப்போவது பல நேரம் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே காதில் விழுந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆயிரம் டாலர் பழுதும் ஐயாயிரம் டாலர் பழுதும் ஏறக்குறைய ஒரே மாதிரி ‘டிக் டிக்’ என்றுதான் கேட்கும். கீழே வரும் தொகைகள் தனியார் ஒர்க்‌ஷாப்பில் பார்ட்ஸ், லேபர் இரண்டும் சேர்ந்த தோராயக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். டீலரிடம் போனால் கூடும்.

ராம் 1500-இன் 5.7 லிட்டர் ஹெமி வி8 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று அடித்து, கொஞ்ச நேரம் ஓடி சூடானதும் அடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது, சிலிண்டர்களின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட். அது மாட்டப்படும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. இந்த இழுபறியில் பெரும்பாலும் பின்பக்கம், கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலை ஒட்டிய போல்ட்தான் முதலில் தலை போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் போல்ட் தலை இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கும். சூடானதும் உலோகம் விரிந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது, பழுது சரியாகிவிட்டதென்று அர்த்தமில்லை.

இதற்கு ஒரு பக்கத்துக்கு 700 முதல் 1,500 டாலர் வரை ஆகும். ஒடிந்த துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் நட்டு வைத்து வெல்டு அடித்துத் திருப்பி எடுத்துவிடலாம். ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்திருந்தால் டிரில் போட்டு மரை வெட்ட வேண்டிவரும், பில் எகிறுவது அங்கேதான். மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்க்காமல் பழையதையே மாட்டும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். வளைந்த மேனிஃபோல்டில் புது போல்ட்டும் ஒடியும்.

அதே சத்தம் இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், கூடவே ஒரு சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஃபயரும் வந்தால் கதை வேறு. வால்வுகளை இயக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்ட்டின் அசைவை வாங்கி மேலே அனுப்புவது லிஃப்டர். அதன் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங் சிதைந்து, உருளை சுற்றாமல் கேம்ஷாஃப்ட்டைத் தேய்க்கத் தொடங்கியிருக்கும். ஆயில் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்தால் உலோகத்தூள் மினுங்கும். கேம்ஷாஃப்ட், 16 லிஃப்டர், கேஸ்கட், ஹெட் போல்ட் எல்லாம் சேர்த்து 3,500 முதல் 6,000 டாலர். ஸ்பார்க் பிளக்கும் இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 என்பதைப் பழைய வண்டி வாங்குபவர்கள் கணக்கில் வைக்கவும்.

சில்வராடோ, சியராவில் வரும் ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) 5.3, 6.2 லிட்டர் வி8-களிலும் வில்லன் லிஃப்டர்தான், காரணம் வேறு. சிலிண்டர்களை ஓட்டத்தின் நடுவே அணைத்து பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஏஎஃப்எம் வசதி 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களில் சிறப்பு லிஃப்டர்களைப் பயன்படுத்துகிறது. உள்ளே ஒரு பூட்டு ஊசி ஆயில் அழுத்தத்தால் நகரும். அது சிக்கிக்கொண்டால் லிஃப்டர் அமுங்கியே கிடக்கும், வால்வு திறக்காது. ஆகவே ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை இந்த நான்கில் ஒன்றில் மட்டும் குவிந்திருந்து, இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்தும் மிஸ்ஃபயர் அதே சிலிண்டரில் நின்றால், லிஃப்டர் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். 2019 முதல் வந்த டிஎஃப்எம் என்ற அடுத்த வகையில் எட்டு சிலிண்டரிலும் இந்த ஏற்பாடு உண்டு, அதனால் எந்தச் சிலிண்டர் என்பதை வைத்து ஊகிக்க முடியாது.

ஒரே ஒரு லிஃப்டரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் வேலையைக் கொடுப்பது வீண் செலவு. லிஃப்டரை எடுக்க ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும், ஹெட் போல்ட் ஒருமுறை முறுக்கினால் மறுபடி பயன்படாத ரகம். லேபர் கொடுத்தாயிற்று என்றால் 16 லிஃப்டரையும், புஷ் ராடுகளையும், ஆயிலை லிஃப்டருக்கு அனுப்பும் சோலினாய்டு தட்டையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். 3,000 முதல் 5,000 டாலர் வரை. கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் முன்பக்கம் ரேடியேட்டர் வரை கழற்ற வேண்டும், 7,000-ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகி ஏஎஃப்எம்மை அணைத்துவைக்கும் கருவிகள் கிடைக்கின்றன. நல்ல நிலையில் உள்ள லிஃப்டரைக் காக்க உதவலாம், கெட்டதைச் சரிசெய்யாது.

2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் 6.2 லிட்டர் எல்87 இன்ஜின் இருந்தால் முதலில் ரீகால் பாருங்கள். கனெக்டிங் ராடு, கிராங்க்‌ஷாஃப்ட் குறைபாட்டுக்காக 2025 ஏப்ரலில் ஜிஎம் அவற்றைத் திரும்ப அழைத்தது. சோதனையில் தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 போய் 0டபிள்யூ-40 ஆயில் வந்துவிட்டது. வெளியே ஆயில் மாற்றும்போது பழைய 0டபிள்யூ-20 ரகத்தையே ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபோர்டு எஃப்-150-இல் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட், குறிப்பாக 2017 முதல் 2020 வரை, இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி ‘கர்ர்ர்’ என்று கரகரத்துவிட்டு அடங்கும். அது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர். மொத்தம் நான்கு. முன் கவரைக் கழற்றும் வேலை என்பதால் செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், 3,000 முதல் 5,000 டாலர். இந்தச் சத்தம் சூடான இன்ஜினில் வராது, ஆகவே பழைய வண்டி வாங்கப் போகும்போது விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

2004 முதல் 2008 வரையிலான 5.4 லிட்டர் மூன்று வால்வு வண்டிகளின் ஸ்பார்க் பிளக் தனி ரகம். பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கரி பிடித்த நீண்ட முனை ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட, மேல்பகுதி மட்டும் கையோடு வரும். இன்ஜின் முழுவதும் ஆறியபின் பிளக்கை எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று வரை மட்டும் தளர்த்தி, குழியில் கார்புரேட்டர் கிளீனர் ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பித்தான் எடுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடவே கூடாது. ஒடிந்துவிட்டால் அதற்கென்றே உள்ள எக்ஸ்ட்ராக்டர் தேவை. புது பிளக்கில், இறுகிப் பிடிக்காமல் காக்கும் நிக்கல் ஆன்டி-சீஸ் பசையை அந்த நீண்ட முனையில் மட்டும் தடவி, மரையில் படாமல் 25 பவுண்ட்-அடி முறுக்குங்கள்.

எஃப்-150 ஃபோர்-வீலில் இன்னொரு சத்தம் அநியாயமாகப் பணம் பறிக்கும். மேடு ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ முன் சக்கரத்தில் பல் உரசுவதுபோல ‘கரகர’. சிலர் வீல் பேரிங் என்று ஹப்பையே மாற்றிவிடுவார்கள். இந்த வண்டியில் டூ-வீலில் ஓடும்போது முன் ஹப்பை விலக்கிப் பிடிப்பது வேக்குவம், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவிசை. இன்ஜினுக்கு லோடு ஏறினால் வேக்குவம் குறையும். குழாயிலோ செக் வால்விலோ கசிவிருந்தால் அந்த நேரத்தில் ஹப் பாதி மாட்டிப் பற்கள் உரசும். மண் சாலையில் 4எச் (ஃபோர்-வீல் ஹை) போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் பேரிங்கை விட்டுவிட்டு வேக்குவத்தைத் தேடலாம். கைப்பம்பு வைத்து இடது, வலது குழாய்களைத் தனித்தனியே சோதித்தால் எது வேக்குவத்தை இழக்கிறது என்று தெரிந்துவிடும். சோலினாய்டும் செக் வால்வும் சேர்ந்தே நூறு டாலருக்குள் அடங்கும். பல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால்தான் ஆக்சுவேட்டர் மாற்ற வேண்டும்.

கியர்பாக்ஸில் ஜிஎம்மின் 8 ஸ்பீடு, மிதமான வேகத்தில் லேசாக மிதித்திருக்கும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம் தரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையோ முழு கியர்பாக்ஸையோ மாற்றச் சம்மதிக்கும் முன், ஜிஎம் பின்னாளில் மாற்றிக் கொடுத்த புது ஃபுளூயிடு போட்டு முழுமையாக ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். 300 முதல் 600 டாலரில் நிறைய வண்டிகள் சரியாகின்றன. ஃபோர்டின் 10 ஸ்பீடில் கியர் மாறும்போது உதைப்பது வேறு ரகம். கிளட்சுகளைத் தாங்கும் சிடிஎஃப் டிரம்முக்குள் இருக்கும் புஷ் (உள்வளையம்) நகர்ந்து ஆயில் வழியை அடைத்துவிடும். மென்பொருள் அப்டேட்டில் அது தீராது, திறந்து பார்ப்பதானால் 4,000-க்கு மேல்.

டன்ட்ராவின் பழைய 5.7 லிட்டர் நல்ல இன்ஜின், ஆனால் எக்ஸாஸ்ட்டுக்குக் காற்று தள்ளும் செகண்டரி ஏர் பம்பின் வால்வுகள் ஈரத்தில் சிக்கி வண்டியை, இன்ஜின் சக்தியை மட்டுப்படுத்தும் லிம்ப் மோடில் தள்ளும். 2,000 டாலருக்கு மேல் போகும். கேம்ஷாஃப்ட்டைத் தாங்கும் கேம் டவர் ஓரம் லேசாக ஆயில் வியர்த்தால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சொட்டினால் மட்டும் கை வைக்கவும். 2022, 2023 மாடல்களின் 3.4 லிட்டர் டர்போ இன்ஜினில் உற்பத்தியின்போது எஞ்சிய உலோகத்துகள் காரணமாக 2024-இல் ரீகால் வந்தது. எந்த வண்டியானாலும் 17 எழுத்து-எண் கொண்ட விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ இணையதளத்தில் போட்டால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும்.

பால் ஜாயின்ட், யூ-ஜாயின்ட், ஹப் இவையெல்லாம் சாதாரணத் தேய்மானம், சில நூறு டாலரில் முடியும். உப்பு தூவும் வட மாநிலத்து வண்டியானால் பிரேக் குழாயைக் கவனியுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, ஃப்ரேமின் உள்பக்கம் கிளிப் பிடிக்கும் இடங்களை விரலால் தடவினால் செதில் செதிலாகத் துரு உதிரும். அப்படி உதிர்ந்தால் ஒட்டுப்போடாமல் முழு நீளத்தையும் நிக்கல்-காப்பர் குழாயால் மாற்றச் சொல்லுங்கள்.