ஹெட்ஃபோன் ஜாக்கில் ஒலி வரவில்லை: ஜாக்கை மாற்றுவதா, டைப்-சி அடாப்டரா, ப்ளூடூத்தா?

3.5 மி.மீ. ஜாக் உள்ள ஆண்ட்ராய்டு போனில் இயர்போனைச் செருகியும் ஒலி வரவில்லை என்றால், பலரும் நேராகச் சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள். இல்லையேல் ப்ளூடூத் இயர்பட்ஸ் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். சார்ஜ் துளையில் செருகும் டைப்-சி அடாப்டர் என்றொரு வழியும் இருப்பது சிலருக்கே நினைவுக்கு வருகிறது. இம்மூன்றில் எது மலிவு என்று பார்ப்பதைவிட, எது எந்தப் பழுதைத் தீர்க்கும் என்று பார்ப்பதே பயன் தரும். ஜாக்கில் வரும் ஒரு வகைப் பழுதுக்கு அடாப்டரும் ப்ளூடூத்தும் எந்த வகையிலும் மருந்தாகா. இன்னொரு வகைப் பழுதுக்கோ ஜாக்கை மாற்றுவது வீண்செலவு.

முதலில் பழுது ஜாக்கில்தான் இருக்கிறதா என்பது உறுதியாக வேண்டும். அதே இயர்போனை வேறொரு போனிலும், வேறொரு இயர்போனை இந்தப் போனிலும் செருகிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிளக்கை ஒட்டி வளையும் இடத்தில் கம்பி உள்ளுக்குள் அறுந்திருப்பது அடிக்கடி நேர்வதுதான். அடுத்ததாக, பெரும்பாலான போன்களில் பிளக்கைச் செருகியதும் மேல்பட்டியில் தோன்றும் ஹெட்ஃபோன் சின்னத்தைக் கவனிக்க வேண்டும். ஜாக்கின் உள்ளே, பிளக் முழுமையாக நுழைந்ததைப் போனுக்கு உணர்த்துவதற்கென்றே ஒரு தொடுமுனை இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பதைத்தான் அந்தச் சின்னம் சொல்கிறது.

சின்னம் தோன்றியும் ஒலி வரவில்லை என்றால், மீடியா ஒலியளவு குறைந்திருக்கிறதா, அருகிலுள்ள ஏதேனும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கிறதா, அணுகல்தன்மை அமைப்புகளில் இடது-வலது சமநிலை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனை ஒருமுறை அணைத்துப் போடுவதும், பிறகு சேஃப் மோடில் (நாம் நிறுவிய செயலிகள் இயங்காத நிலையில்) சோதிப்பதும் மென்பொருள் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவிடும். சின்னமே தோன்றாமல் பாட்டு ஸ்பீக்கரிலேயே ஒலித்தால், துளையின் அடியில் பஞ்சு அடைத்திருக்கலாம். அல்லது தொடுமுனை வளைந்திருக்கலாம். மூன்றாவது நிலைதான் தொல்லை மிகுந்தது: எதையும் செருகாதபோதும் சின்னம் மறையாமல் நிற்கும், ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், அழைப்பில் எதிர்முனைக் குரலும் லவுட்ஸ்பீக்கரை அழுத்தினால் மட்டுமே கேட்கும். ஈரமோ அரிப்போ அந்தத் தொடுமுனையை மூடியே வைத்திருப்பதால் வருவது இது. ஷாவ்மி போன் வைத்திருப்பவர்கள் *#*#6484#*#* என்று டயல் செய்தால் திறக்கும் சோதனைப் பட்டியலிலும் இயர்போனைத் தனியே சோதிக்கலாம்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றும் ஒரு நிலையும் உண்டு. மைக் உள்ள இயர்போனின் பிளக்கில் நான்கு பட்டைகள் இருக்கும்: நுனியில் இடது, அடுத்து வலது, அதற்கடுத்து எர்த், அடியில் மைக். இன்றைய போன்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் சி.டி.ஐ.ஏ. முறை இதுதான். பழைய நோக்கியா போன்கள் சிலவற்றோடு வந்த ஓ.எம்.டி.பி. முறை இயர்போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அத்தகைய இயர்போனைப் புதிய போனில் செருகினால் வாத்தியங்கள் தூரத்தில் ஒலிக்கும், பாடகரின் குரல் மட்டும் காணாமல் போகும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தவுடன் குரல் திரும்பினால், குற்றம் போனில் இல்லை. தடித்த உறை பிளக்கை முழுதாக நுழையவிடாமல் தடுக்கும்போதும் ஏறக்குறைய இதே விளைவு வரும் என்பதால், உறையைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், துளையைச் சுத்தம் செய்து பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. போனை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியில் உள்ளே பார்த்து, மெலிதாகச் சீவிய பல்குச்சியால் பஞ்சை மெல்லச் சுரண்டி எடுக்கலாம். ஊக்கும் குண்டூசியும் கூடவே கூடாது. தொடுமுனையை வளைத்துவிட்டால் தூசுப் பிரச்சினை ஜாக் பிரச்சினையாக மாறிவிடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பச்சை படிந்த அரிப்புக்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் குச்சியில் சிறிது தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிளக்கைப் பலமுறை செருகி எடுக்க வேண்டும். வீட்டிலிருக்கும் சானிடைசர் இதற்கு மாற்றாகாது. அதில் நீரும் கிளிசரினும் கலந்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஜாக் ஊமையாகவே இருந்தால்தான் ஒப்பீடு தொடங்குகிறது. பெரும்பாலானோருக்கு என் முதல் பரிந்துரை டைப்-சி அடாப்டர். ஆனால் கடையில் அடாப்டர் என்று கேட்டால் கிடைப்பவை ஒரே தோற்றமுள்ள இரு வேறு பொருள்கள். ஒன்று அனலாக் வகை. அதற்குள் சிப் எதுவும் இல்லை. போனே டைப்-சி துளை வழியாக அனலாக் ஒலியை, அதாவது இயர்போன் அப்படியே ஒலிக்கக்கூடிய மின்னலையை, அனுப்பினால் மட்டுமே அது பேசும். ஹுவாவே பி20 போன்ற சில போன்கள் அப்படி அனுப்பும். கூகுள் பிக்சல் போன்களும் சாம்சங் நோட் 10 தொடங்கி ஜாக்கைக் கைவிட்ட கேலக்ஸி போன்களும் அனுப்பா. சொந்தமாக ஜாக் உள்ள போன்கள் பலவற்றிலும் அந்த வசதி இருப்பதில்லை. ஆகவே ஜாக் கெட்டுப்போனவர் இந்த மலிவு வகையை வாங்கினால் ஏமாறவே வாய்ப்பு அதிகம். மற்றொன்று, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டி.ஏ.சி. சிப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வகை. இது போனின் ஜாக்கையும் அதன் ஒலிச் சிப்பையும் சுற்றிக்கொண்டு தனி வழியில் போவதால், ஜாக் எவ்வளவு கெட்டிருந்தாலும் கவலையில்லை. ஆண்ட்ராய்டு 5.0 முதலே யூ.எஸ்.பி. ஒலிக்கு ஆதரவு இருக்கிறது. 2016-இல் ஜாக்கை நீக்கிய ஐபோன் 7-உடன் பெட்டியில் வந்த சிறு லைட்னிங் அடாப்டருக்குள்ளும் இத்தகைய சிப்தான் இருந்தது.

டி.ஏ.சி. வகையிலும் சில கவனங்கள் தேவை. ஒப்போ, ரியல்மீ, விவோ, ஒன்பிளஸ் போன்கள் பலவற்றில் அமைப்புகளுக்குள் சென்று ஓ.டி.ஜி. (வெளிக்கருவிகளைப் போனோடு இணைக்கும் வசதி) என்பதை இயக்கினால்தான் அடாப்டருக்கு மின்சாரமே போகும். சில நிமிடங்கள் பயன்படுத்தாமல் இருந்தால் அது தானாகவே அணைந்தும்விடும். இது தெரியாமல் நல்ல அடாப்டரைக் கெட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆப்பிள் விற்கும் டைப்-சி அடாப்டர் தரத்தில் குறைந்ததல்ல என்றாலும், ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அதன் ஒலியளவு மிகவும் தாழ்ந்தே வருகிறது. பாட்டு கேட்டுக்கொண்டே சார்ஜ் செய்ய வேண்டுமென்றால் இரு துளைகள் கொண்ட அடாப்டர் தேவை, அதிலும் டி.ஏ.சி. இருப்பதையும் வேகச் சார்ஜிங் தொடர்வதையும் வாங்குமிடத்திலேயே சோதித்துவிட வேண்டும். இந்த வழியின் உண்மையான குறை வேறு. டைப்-சி துளை 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்குமாறு வகுக்கப்பட்டதுதான்; ஆனாலும் சட்டைப் பையில் அடாப்டர் தொங்கியபடி நெம்பிக்கொண்டிருந்தால் துளை தளரும். ஜாக் போனால் பாட்டுதான் நிற்கும், சார்ஜ் துளை போனால் போனே நின்றுவிடும். ஆகவே விறைப்பான அடாப்டரைவிட, குட்டையான வளையும் கம்பி உள்ளதே மேல்.

ஜாக்கை மாற்றுவது நல்ல முடிவா என்பது, போனில் ஜாக் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழ்ப்பக்கம் சார்ஜ் துளைக்கு அருகில் இருந்தால், பல போன்களில் ஜாக், மைக், சார்ஜ் துளை மூன்றும் ஒரே சிறிய சப் போர்டில் அமர்ந்திருக்கும். அந்தப் போர்டையே கழற்றி வேறொன்று மாட்டுவது பற்றவைப்பு இல்லாத வேலை, கூடவே சார்ஜ் துளையும் புதிதாகிவிடும். ஜாக் மேல்பக்கம் இருந்தால், அது முதன்மைப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சூடான காற்றை ஊதிக் கழற்றும்போது அக்கம்பக்கத்துச் சிப்புகளுக்கும் ஆபத்து. ஒரு பாட்டுத் துளைக்காக அந்த ஆபத்தை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேலக்ஸி எஸ்8, எஸ்9 போல நீர்த்தடுப்புள்ள போன்களில் பின்பக்கக் கண்ணாடியைப் பிரித்தால், புதிய பசையால் ஒட்டினாலும் பழைய நீர்த்தடுப்பை நம்ப முடியாது.

சப் போர்டு மாற்றுபவர்கள் கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஜாக்கை மட்டும் சோதித்தால் போதாது. மலிவான போலிப் போர்டுகளில் வேகச் சார்ஜிங்கைத் தாங்கும் பகுதிகள் விடுபட்டிருக்கும், மைக் மங்கலாக ஒலிக்கும்; சிக்னலுக்கான ஆன்டெனா கம்பியும் அந்தப் போர்டில்தான் வந்து சேர்வதால், அது சரியாக அழுந்தாவிட்டால் நெட்வொர்க் பலவீனமாகும். ஒரு அழைப்பு, ஒரு குரல்பதிவு, சொந்தச் சார்ஜரில் சில நிமிடச் சார்ஜ் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு பணம் கொடுப்பதே முறை.

ப்ளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் வசதி எல்லோருக்கும் தெரியும். சொல்லப்படாதவை இரண்டு. முதலாவது, மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது வழக்கமான இயர்பட்ஸ்களில் ஒலித்தரம் சட்டென்று இறங்கிவிடும். பாட்டுக்குப் பயன்படும் தடம் வேறு, அழைப்புக்குரிய தடம் வேறு. பின்னது வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளோடு நின்றுவிடும். இணையவழிப் பாட்டு வகுப்பில் சுருதி கேட்பவருக்கு இது போதாது. இரண்டாவது தாமதம். படம் பார்க்கும் செயலிகள் உதட்டசைவைச் சரிக்கட்டிக் காட்டிவிடுகின்றன, விளையாட்டிலும் சேர்ந்து பாடுவதிலும் அந்தச் சமாளிப்பு நடக்காது. எல்.டி.ஏ.சி. போன்ற கோடெக்குகள் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பித் தரத்தை உயர்த்துகின்றனவே தவிர, தாமதத்தை ஒழிப்பதில்லை. மேலும், சிறிய இயர்பட்ஸ்களின் பேட்டரி தேய்ந்தபின் மாற்றுவது அரிது. நல்ல கம்பி ஹெட்ஃபோன் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர், 3.5 மி.மீ. துளை உள்ள ப்ளூடூத் ரிசீவரை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது இதில் நடுவழி. டைப்-சி இல்லாத பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. போன்களுக்கு இதுவே அடாப்டரைவிட நம்பகமானது.

ஒரு வகையினருக்கு மட்டும் ஜாக்கைத் தவிர வேறு போக்கிடமில்லை: போனில் எஃப்.எம். கேட்பவர்கள். பெரும்பாலான போன்களில் ஜாக்கில் செருகிய இயர்போன் கம்பியேதான் ஆன்டெனா. டி.ஏ.சி. அடாப்டரும் ப்ளூடூத்தும் அந்த வேலையைச் செய்யா. அதேபோல, சின்னம் மறையாமல் ஸ்பீக்கர் ஊமையாகிப்போனவர்களும் ஜாக்கைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஒலியை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடும் செயலிகள் சில நாள் ஒட்டுப்போட உதவும். ஆனால் எல்லாப் போன்களிலும் எல்லா அழைப்புகளிலும் அவை கைகொடுப்பதில்லை.

போன் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், வெளிக்கடையில் பிரிப்பதற்கு முன் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே கொண்டுபோக வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது உள்ளிருக்கும் ஈரம் காட்டும் ஒட்டியைத்தான். பல போன்களில் அது சிம் தட்டின் துளைக்குள் தெரியும். வெள்ளையாக இருந்த அது சிவந்திருந்தால் இலவசப் பழுதுபார்ப்பு பெரும்பாலும் மறுக்கப்படும். அப்போது சப் போர்டின் விலையையும் டி.ஏ.சி. அடாப்டரின் விலையையும் அங்கேயே ஒப்பிட்டு முடிவெடுக்கலாம்.