கடலோர பம்ப் ஹவுஸுக்குச் செம்பா, கோர்டென்னா, ஏசிபியா?

வொர்லி, ஹாஜி அலி பக்கம் இருக்கும் மழைநீர் பம்பிங் ஸ்டேஷன்கள் ஜூலை மாதம் ஓடாவிட்டால் மும்பை பாடு திண்டாட்டம்தான். இந்த மாதிரிக் கட்டடத்துக்குக் கோடவுன் முகம்தான் விதியா என்ன? வெளியே எந்த உலோகத் தகட்டைப் போர்த்தலாம் என்று பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் ஊரில் ஹெர்சாக் அண்டு டி முரோன் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 1994-இல் முடிந்த ரயில்வே சிக்னல் கட்டடத்தைப் பாருங்கள். உள்ளே சாதாரண கான்கிரீட் பெட்டி, அதைச் சுற்றி சுமார் 20 செ.மீ. அகலச் செம்புப் பட்டைகள், வெளிச்சம் வேண்டிய இடத்தில் மட்டும் பட்டையை லேசாக முறுக்கித் திருப்பிவிட்டார்கள், மொத்தக் கட்டடமும் சிற்பமாகிவிட்டது. அந்தச் செம்பு உள்ளேயிருக்கும் மின்னணுக் கருவிகளுக்கு ஃபாரடே கூண்டாகவும், அதாவது வெளி மின்காந்தத் தொல்லையைத் தடுக்கும் உலோக உறையாகவும் உதவுகிறது.

கோர்டென் ஸ்டீல், அதாவது மேலே ஏறும் துருவையே காப்பாக வைத்துக்கொள்ளும் எஃகு, போட்டோவில் அள்ளும், விலையும் குறைவு. ஆனால் அதன் துரு காப்புத் தோலாக இறுக வேண்டுமென்றால் நனைந்து காய வேண்டும், உப்பு கூடாது. நம்ம ஊரில் நாலு மாதம் காய்வதே இல்லை, மீதி எட்டு மாதம் உப்புக்காற்று. ஹவாயில் இதே ஸ்டீலில் கட்டி 1975-இல் திறந்த அலோஹா ஸ்டேடியத்தைக் கடல் உப்பு அரித்த கதை தெரிந்தவர்கள் இங்கே இதைச் சொல்லவே மாட்டார்கள்.

ஏசிபி, அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வேறு பொருள் வைத்த பலகை? மலிவு, சட்டென்று மாட்டிவிடலாம், ஆனால் நடுவில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் வைத்த ரகத்தை டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்கூட விடாதீர்கள். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் போனது அந்த ரகத்தால் தீ பரவித்தான். நினைத்தபடி முறுக்கவும் வராது. பட்ஜெட் இல்லையென்றால் முழு அலுமினியத் தகடு போடுங்கள், அது செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

என் ஓட்டு செம்புக்கே. உப்புக்காற்றில் சீக்கிரம் களிம்பு ஏறும், அந்தக் களிம்பே கவசம், பெயின்ட் வேலை மிச்சம். இரண்டு தொல்லை உண்டு. செம்பில் வழிந்த தண்ணீர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), அலுமினியத்தில் விழுந்தால் அதை அரித்துத் தின்றுவிடும், அதனால் கீழே ஜிஐ மழைநீர்த் தொட்டி வைக்கவே கூடாது, திருகாணியும் செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இன்னொன்று திருட்டு. கைக்கெட்டும் உயரத்தில் செம்பு வைத்தால் ஒரே ராத்திரியில் பங்கார் (பழைய இரும்பு) கடைக்குப் போய்விடும், கீழ்ப் பத்தடிக்குக் கருங்கல்லே போட்டுவிடுங்கள், பச்சைக் கறை வழிந்தாலும் அதில் அவ்வளவாகத் தெரியாது.