டிஎன் 38-இல் ஃபேன்சி நம்பரா, டிஎன் 43-இல் சாதா நம்பரா?

போன வருஷம் வீட்டுக்கு ஒரு சின்ன கார் எடுத்தோம். எந்த கம்பெனி, என்ன நிறம் என்பதெல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிட்டது. நம்பர் விஷயத்தில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கோவையில் வேலை பார்த்த காலத்தில் எடுத்த ஆதாரில் என் முகவரி இன்னும் கோவைதான். இப்போது குடியிருப்பது நீலகிரியில், குன்னூர் பக்கத்து அருவங்காட்டில், அதற்கும் சான்று இருக்கிறது. ஆக, கோவையில் டிஎன் 38-இல் பதியவும் வழி இருந்தது, ஊட்டியில் டிஎன் 43-இல் பதியவும் வழி இருந்தது. கோவையில் எடுத்தால் கூட்டுத்தொகை 9 வருகிற மாதிரி நல்ல நம்பராகப் பிடித்துத் தருகிறேன், கட்டணத்தில் பாதி என் பொறுப்பு என்று மச்சான் சொன்னார். ஊட்டியில் எடுத்தால் வரிசையில் எது வருகிறதோ அதுதான், ஏனென்றால் மீதிப் பாதிக்கே என் கையில் பணம் இழுபறி.

நான் ஊட்டியில்தான் எடுத்தேன். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நடுநிலை எதிர்பார்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இரண்டும் ஒரே மாநிலம். ஆயுள் வரி ஒன்றுதான், பதிவுக் கட்டணமும் ஒன்றுதான். ஃபேன்சி நம்பருக்குக் கட்டுகிற தொகை மட்டும்தான் வித்தியாசம்.

அந்தத் தொகையை வீண் என்று சொல்லிவிட எனக்கு மனசில்லை. நம்பர் ஆசை உலகத்துக்கே பொது. துபாயில் 2023-இல் நடந்த ஓர் அறக்கொடை ஏலத்தில் பி 7 என்ற பிளேட் 5.5 கோடி திர்ஹாமுக்குப் போனது. 2025-இல் கொச்சியில் 0007-க்கு ஒருவர் 45 லட்சத்துக்கு மேல் கொடுத்தார். பிரிட்டனில் எழுத்தையும் எண்ணையும் சேர்த்துத் தன் பெயர் போலப் படிக்க வருகிற பிளேட்டே வாங்கலாம். காரை விற்றாலும் பிளேட்டை மட்டும் கழற்றிக்கொண்டு அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய காரைப் புதியதாகக் காட்டுகிற நம்பரை மட்டும் அங்கே மாட்டக் கூடாது. நமக்கு எழுத்தில் கை வைக்க வழியில்லை, ஆசையெல்லாம் கடைசி நான்கு இலக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குள்ளேயே 8055 என்று வாங்கி, அதை வளைத்து நெளித்து ஆங்கிலத்தில் BOSS என்று படிக்க வைக்கிறார்கள். வண்டியை விற்றால் பொதுவாக நம்பரும் வண்டியோடு போய்விடும். பிரிட்டன்காரருக்கு அது சொத்து, நமக்குச் செலவு.

மச்சான் பக்கத்தில் ஒரே ஒரு கனமான வாதம் இருந்தது. ஊட்டியில் வரிசையில் வந்த நம்பரைக் கூட்டிப் பார்த்தால் 8. எண்கணிதத்தில் எட்டு சனிக்கு உரியது, தமிழ்நாட்டில் பாதிப் பேர் பணம் கட்டி நம்பர் வாங்குவதே இந்த எட்டுக்குப் பயந்துதான் என்பது என் எண்ணம். அம்மா கொஞ்ச நாள் வண்டியில் ஏறவே இல்லை. குன்னூர் தந்தி மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுத்த பிறகு ஏறினார், அதுவும் பின் சீட்டில். இப்போது சந்தைக்குப் போக முதல் ஆளாக முன் சீட்டில் உட்காருகிறார். எட்டின் பலன் பற்றி அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். சமவெளியில் நம்பர் என்றால் பின்னால் இருக்கிற நான்கு இலக்கம். நீலகிரியில் அப்படியில்லை. இங்கே முன்னால் இருக்கிற டிஎன் 43 தான் நம்பர், பின்னால் 1 இருந்தாலும் 4769 இருந்தாலும் யாருக்கும் கவலை இல்லை.

கல்லட்டிப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை, டிஎன் 43 வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும், தூரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். என் கொழுந்தியாள் மசினகுடியில் இருக்கிறாள். திருவிழா, காய்ச்சல், பிள்ளைக்குப் பரீட்சை என்று ஏதாவது ஒன்றுக்கு அங்கே போய்க்கொண்டே இருப்போம். டிஎன் 38-இல் 9999 வைத்திருந்தாலும் அந்தப் பாதை பிரிகிற தலைகுந்தாவில் நிறுத்தி, கூடலூர் வழியாகப் போங்க சார் என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு அந்தக் கட்டத்திலேயே தராசு சாய்ந்துவிட்டது.

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கு இது கிடையாது, டிஎன் 43-க்கும் கிடையாது. இங்கேயே குடியிருந்து வெளி மாவட்ட நம்பர் வைத்திருப்பவர்கள் ஆவணங்களைக் கொடுத்து உள்ளூர் பாஸ் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டிஎன் 38 எடுத்தால் வீட்டுக்கு வர முடியாமல் போய்விடும் என்று பயமுறுத்த மாட்டேன்.

ஆனால் வசதி வேறு, நிம்மதி வேறு. எதிர்வீட்டுக்காரர் டிஎன் 66 வைத்திருக்கிறார், அதுவும் கோவை நம்பர்தான்; ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். மேட்டுப்பாளையம் போய்விட்டு ராத்திரி ஏறும்போது சாவடியில் அவர் வண்டியைக் கை காட்டுவார்கள். கண்ணாடியை இறக்கி, போனில் பாஸைத் தேடி, சிக்னல் கிடைக்காமல் போனை ஆட்டி, 'நான் உள்ளூருங்க' என்று ஆரம்பிப்பார். அதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹார்ன் அடிப்பான். ஒவ்வொரு தடவையும் நடப்பதில்லை, நடக்கிற அன்றைக்கு மனுஷன் வீட்டுக்கு வந்து யாரோடும் பேச மாட்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, மாநிலத்துக்குள் முகவரி மாற்றினால் ஆர்சியில் முகவரி மட்டும்தான் மாறும், நம்பர் மாறாது. கோவையில் பதிந்த வண்டி மலையில் பதினைந்து வருஷம் ஓடினாலும் டிஎன் 38 தான். வேறு மாநிலத்து வண்டியைக் கொண்டுவந்து பதிந்தால் புது நம்பர் கிடைக்கும், பக்கத்து மாவட்டத்து வண்டிக்குக் கிடைக்காது. முதல் நாள் எடுக்கிற முடிவுதான் கடைசி வரைக்கும்.

சாலையில் நம்பரைப் பார்த்து ஆளை எடைபோடுகிற பழக்கம் எங்களுக்கெல்லாம் உண்டு, அது நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. மே மாதத்தில் அதில் ஏறினால் பிரேக் லைனிங் கருகுகிற நாற்றம் எதிரே இறங்குகிற வண்டிகளிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வரும். இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினைப் பிடிக்க விட வேண்டிய இறக்கத்தில் மூன்றிலோ நியூட்ரலிலோ விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பர்லியாறு தாண்டினதும் குரங்குக்கு பிஸ்கட் போட வளைவிலேயே நிறுத்துவார்கள். மூடுபனியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். வலது பக்கம் திரும்புகிறானா, நிற்கப் போகிறானா, பயந்துபோயிருக்கிறானா என்று எப்படித் தெரியும்? ஹைபீம் போட்டால் பனி வெள்ளைச் சுவராக நிற்கும் என்பதும் முதல் தடவை வருகிறவருக்குத் தெரிவதில்லை.

குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இது 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. அரசு பஸ் ஒன்று வளைவில் முழுச் சாலையையும் எடுத்துத் திரும்புகிறபோது பார்க்க வேண்டும். டிரைவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, எதிரே இறங்குகிற காரின் மூஞ்சியைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்குவார், அங்கேயே நில் என்று அர்த்தம். தெரிந்தவன் வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி நின்றிருப்பான். தெரியாதவன் மூக்கை நுழைத்துவிட்டு, பின்னால் நான்கு வண்டி சேர்ந்ததும் ரிவர்ஸ் தேடுவான். அந்த நேரத்தில் பிளேட்டில் டிஎன் 43 இருந்தால், இவனுக்குப் பின்னால் எடுக்கத் தெரியும் என்று டிரைவர் பொறுமையாக இருப்பதாக எனக்குத் தோன்றும். தோன்றுவதுதான், அடித்துச் சொல்ல மாட்டேன்.

உள்ளூர் நம்பர் என்றாலே ஒழுங்கு என்றும் கிடையாது. விடியற்காலையில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற பிக்கப் டிரைவர்களுக்கு வளைவெல்லாம் நேர்கோடு. அவர்களும் டிஎன் 43 தான். எரிச்சலில் ஒருபடி மேல் என்றால், 0001, 7777 மாட்டிய பெரிய வண்டி பின்னாலேயே ஒட்டி வந்து ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டுவது. எல்லாரும் அப்படியில்லை என்று தெரியும், இருந்தும் கண்ணாடியில் அந்த நம்பரைப் பார்த்ததும் என் கை ஸ்டியரிங்கில் இறுகிவிடும்.

பிளேட்டை அலங்காரம் பண்ணுவது தனிக் கதை. மச்சான் நம்பரோடு சேர்த்து, சாய்ந்த எழுத்தில் பளபளப்பான பிளேட்டும் செய்து தருவதாகச் சொன்னார். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த எண், கழற்றினால் உடைந்துபோகிற பூட்டு எல்லாம் அதோடு வரும். எழுத்து வடிவம்கூட மாற்றக் கூடாது. தமிழில் எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன், ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்கிற எண்ணும்தான் என்கிறது. பிளேட் விதியை மீறினால் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500. சென்னையில் 2024 மே மாதம் பிரஸ், வக்கீல், போலீஸ் ஸ்டிக்கர்களைக் கிழிக்க ஆரம்பித்தார்கள். மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பனியில் ஒருவன் இடித்துவிட்டு நிற்காமல் போனால் நமக்குக் கிடைப்பது அவனுடைய பின் பிளேட் இரண்டு நொடி மட்டும். ஒளி பட்டால் மின்னுகிற நேர் எழுத்தாக இருந்தால் பாதியாவது படித்துவிடலாம், பூ வேலை போட்ட எழுத்தில் ஒன்றும் பிடிபடாது.

விற்கும்போது என்ன ஆகும் என்பதில் என் அனுபவம் கொஞ்சம்தான். பழைய வண்டியைக் குன்னூரிலேயே ஒருவருக்குக் கொடுத்தேன், டிஎன் 43 என்பதால்தான் அவர் வந்தார், பேரம்கூட அதிகம் பேசவில்லை. சமவெளியில் மலை வண்டி என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அடியில் துரு பிடித்திருக்கும் என்று தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயம்தான். மேலே உள்ளவருக்கு விற்பதானால் டிஎன் 43 உதவும், கீழே விற்பதானால் மச்சான் சொன்ன நம்பர் ஒருவேளை நல்ல விலையைக் கொண்டுவந்திருக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் கோவையில் இருந்துகொண்டு சனி, ஞாயிறு மட்டும் மேலே வருகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது. அவர் மச்சான் சொன்ன வழியிலேயே போகலாம், கல்லட்டிப் பக்கம் வேலை இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. நம்பர் ஆசையும் இருக்கிறது, குடியிருப்பும் மலையில்தான் என்றால் கோவை எதற்கு? ஊட்டியிலேயே கட்டணம் கட்டிப் பிடித்த நம்பரைக் கேட்கலாம். ஒன்று, டீலர் வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். வரிசையில் ஒரு நம்பர் விழுந்துவிட்டால் அப்புறம் அதுதான், எட்டு வந்தாலும்.