முடிவெடுத்துத் தரும் அப்பா, முடிவெடுக்க விடும் அப்பா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் இருவகை அப்பாக்களைப் பார்க்கலாம். ஒருவர், "ஆறாம் படிவம் போ, அப்புறம் அரசாங்க வேலை" என்று மனுவையும் தாமே நிரப்பிவிடுவார். செம்பனைக் குலை சுமந்தவரின் பயம் அது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றவர், ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக்குக்கு மகளை அழைத்துப் போவார். கட்டணம், பஸ் செலவு, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் அவளையே விசாரிக்கச் சொல்வார்.

உளவியலாளர் மார்க் சவிக்காஸ் தொழிலுக்குத் தயாராவதில் நான்கைப் பார்க்கிறார்: எதிர்கால அக்கறை, முடிவைத் தன்வசம் வைத்திருத்தல், தேடல், தன்னம்பிக்கை. முதல் அப்பா அக்கறையை நன்றாகவே ஊட்டுகிறார். மற்ற மூன்றுக்கும் இரண்டாமவர் வீடுதான் தோது. ஆனால், "உன் இஷ்டம்" என்று கைகழுவுகிறவர் இந்த இரண்டாவது வகையில் சேரமாட்டார்.