15 என்று எழுதியிருந்தது, 8 தான் அடித்தது: பொலிஷ் மெசின் வாங்கப் போகிறவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் கார் பொலிஷ் மெசின் வாங்கும் எண்ணத்தில் இருக்கிறவர்கள் காசைக் கொடுக்க முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். 64,500 ரூபா கொடுத்து ஒரு மெசின் வாங்கினேன். பெட்டியில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் அதே மெசின் போன கிழமையும் அதே கண்ணாடி அலுமாரியில் இருந்தது, அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

நான் இதைத் தொழிலாகச் செய்கிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய கறுப்பு வாகன்ஆர், மச்சானுடைய விற்ஸ், ஒழுங்கையில் தெரிந்தவர்களுடைய கார் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், அந்த ஐந்து வருசத்தில் இருக்கிற காரை வடிவாக வைத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அப்படித் தொற்றிக்கொண்ட பழக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிற தண்ணீர், வெயிலில் காரைக் கழுவித் துடைக்காமல் விட்டால் கறுப்புப் பெயின்றில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிடும், நாள்பட்டால் அது பெயின்றைக் கடித்துக்கொண்டு இருக்கும், பிறகு மினுக்கித்தான் எடுக்க வேண்டும்.

என்னிடம் முதலில் இருந்தது 8 மில்லிமீற்றர் டுவல் அக்சன் மெசின், தானும் சுற்றிக்கொண்டு ஒரு சின்ன வட்டமும் போடும் வகை. பழுதில்லை, ஆனால் ஒரு பொனற்றுக்கே இரண்டு மணித்தியாலம் போகும், இரவு சோறு பிசையும்போதும் கை விறைத்தபடி இருக்கும். பட்டறைகளில் பாவிக்கும் றோட்டரி மெசின் வேகமாக வெட்டும்தான், ஆனால் அது ஒரே மையத்தில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் ஏறும். பெயின்றுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, கிளியர் கோட், பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரோன் அளவுதான், கதவு விளிம்பில் அதிலும் மெல்லிசு, ஒரு நிமிசம் கவனம் தப்பினால் எரிந்து அடிப்பெயின்ற் தெரியும். அதனால் டுவல் அக்சனிலேயே பெரியதாகப் போவோம் என்று 15 மில்லிமீற்றர் ஒன்று தேடினேன்.

இந்த 15 என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை ஏமாற்றியது இந்த இடத்தில்தான். டுவல் அக்சன் மெசினில் பாட் (மினுக்குகிற பஞ்சு) ஒட்டும் பிளேற் மோட்டரின் நடு அச்சில் இல்லை, கொஞ்சம் விலகி ஒரு பெயரிங்கில் இருக்கிறது. அதனால் பிளேற் தானும் சுற்றும், அதன் மையமும் ஒரு சின்ன வட்டம் போடும். அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம்தான் த்ரோ. 8 இல் இருந்து 15 க்குப் போனால் ஒவ்வொரு சுற்றிலும் பாட் அசைகிற தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இத்தாலிக்கார றூப்பெஸ் கொம்பனியின் பிக்ஃபூட் மெசின்கள் 15 உம் 21 உமாகப் பெயர் எடுத்தது இதனால்தான். அந்த விலை எனக்குக் கட்டாது, ஆகவே அதே அளவில் ஒரு சீன மெசின் போதும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் இப்போதும் பிழை இல்லை என்றுதான் சொல்வேன், நல்ல சீன மெசின்கள் இருக்கின்றன.

கடையில் நின்ற தம்பி நல்ல மரியாதையாகக் கதைத்தார். "அண்ணை, இது இத்தாலி மெசினின்ர அதே செற்றப், 15 எம்எம், 900 வொற், ஒரு வருச வரன்ரி" என்றார். பெட்டியில் 15 என்று பெரிதாக இருந்தது, மெசினின் கழுத்தில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரிலும் 15 எம்எம், 900 வொற் என்று இருந்தது. பிளக்கில் போட்டுக் காற்றில் ஓடவிட்டுக் காட்டினார், பாட் வடிவாகச் சுற்றியது. காற்றில் எந்த மெசினும் வடிவாகத்தான் சுற்றும், பாரம் கொடுத்தால்தான் சங்கதி தெரியும், அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் கேட்கவில்லை. பில்லில் "பொலிஷ் மெசின் 1" என்று மட்டும் எழுதித் தந்தார். மொடலும் இல்லை, த்ரோவும் இல்லை.

அடுத்த ஞாயிறு பொனற்றில் வைத்தேன். பத்து நிமிசத்தில் மெசினின் தலை கையில் பிடிக்க ஏலாத சூடு. மட்காட்டின் வளைவுக்குப் போனதும் பாட் சுற்றுவதை நிறுத்திவிட்டு நடுங்க மட்டும் செய்தது. பிளேற்றின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பேன், சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதில் தெரியும், அந்தக் கோடு அப்படியே நின்றது. சரி, நீண்ட த்ரோ மெசின்கள் வளைவில் நிற்பது உண்டு, கை பழக வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் தட்டையான பொனற்றிலும் பழைய மெசினுக்குப் போன அதே இரண்டு மணித்தியாலம் போனது. கீறல்கள் சிலந்தி வலை மாதிரி அப்படியே கிடந்தன.

அன்றிரவு நித்திரை வரவில்லை. எழும்பி, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் இருந்த போல்ற்றை ஆலன் கீயால் எடுத்துப் பிளேற்றைக் கழற்றினேன். போல்ற் இருந்த ஓட்டைக்குள் ஒரு குமிழ்முனைப் பேனையின் ரியூப்பை, ஆடாமல் இருக்க ரேப் சுற்றி, இறுக்கிச் செருகினேன். மகன் மெசினை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தான், கீழே கொப்பி ஒற்றையை வைத்துப் பேனை நுனி தொடும்படி பதித்து, எதிர்ப்பாரத்தை (பிளேற் விலகிச் சுற்றுவதைச் சமப்படுத்தும் இரும்புத் துண்டு) விரலால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒற்றையில் ஒரு சின்ன நீல வட்டம் விழுந்தது. அடிமட்டத்தை வைத்தால் விட்டம் 8 மில்லிமீற்றர். நம்பாமல் மூன்று தரம் செய்தேன். பிறகு பழைய மெசினையும் கழற்றிப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டேன். இரண்டும் ஒரே அளவு. மகன் "அப்பா, இது பழசு மாதிரியேதானே" என்றான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று மாதம் சேர்த்த காசு அது.

மின்வேலை செய்யும் நண்பர் ஒருவர் மறுநாள் கிளாம்ப் மீற்றர் கொண்டு வந்தார். பாட்டை அழுத்தி ஓடும்போது 1.9 அம்பியர். எங்கள் 230 வோல்ற்றுக்குப் பெருக்கினால் 440 வொற் கூட இல்லை. 900 வொற் மெசின் அந்த அழுத்தத்தில் இவ்வளவு குறைவாக இழுத்துக்கொண்டு திணறாது என்றார் அவர்.

மெசினையும் அந்த ஒற்றையையும் கொண்டு கடைக்குப் போனேன். தம்பி ஒற்றையைப் பார்த்துவிட்டு, "15 எண்டது பாட்டின்ர அளவு அண்ணை, 15 சென்ரிமீற்றர்" என்றார். ஸ்ரிக்கரில் எம்எம் என்று இருக்கிறதே என்று காட்டினேன். அது ஃபக்ரறியில் ஒட்டி வாறது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். பிறகு உள்ளே இருந்து முதலாளி வந்து, பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க ஏலாது, வேணுமென்றால் 20,000 ரூபாவுக்கு வேறு சாமான் எடுத்துக்கொண்டு போங்கோ என்றார். வரன்ரியைக் கேட்டேன். மெசின் ஓடுகிறதுதானே, பழுதானால் கொண்டு வாங்கோ என்றார். இவ்வளவு பச்சையாகப் பேய்க்காட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களோடு சத்தம் போடாமல் வெளியே வந்தேன், வந்து மோட்டச்சைக்கிளில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 க்கு அழைத்தால் தமிழிலேயே கேட்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெட்டி, ஸ்ரிக்கர், வட்டம் போட்ட ஒற்றை, அடிமட்டம் வைத்த படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். பில்லில் 15 என்று எழுதி வாங்கியிருந்தால் இந்த "சென்ரிமீற்றர்" கதைக்கு இடமே இருந்திருக்காது, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

புது மெசின் தேடுகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: வாகன்ஆர், ஆல்ற்றோ, விற்ஸ் மாதிரிச் சின்னக் கார்களுக்கு 21 தேவையே இல்லை, வளைவு அதிகம், 15 உம் ஐந்து அங்குலப் பிளேற்றும் தாராளம். வளைவில் நிற்காத மெசின்தான் வேண்டும் என்றால் பற்சக்கரத்தால் கட்டாயமாகச் சுற்றும் வகை இருக்கிறது, ஜேர்மன் ஃபிளெக்ஸ் 3401 அப்படிப்பட்டது, 8 மில்லிமீற்றர்தான் என்றாலும் அழுத்தினாலும் சுற்றும், ஆனால் பாரம் கூட, கை நடுங்கும். கனடாவில் இருந்து மாமா மெசின் அனுப்புகிறார் என்றால் பெயர்ப்பலகையில் 120 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள், அதை நேராக எங்கள் பிளக்கில் போட்டால் புகைதான் வரும்.

கடையில் காற்றில் ஓடவிட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். உங்கள் பழைய பொனற் துண்டையோ காரையோ கொண்டுபோய் அழுத்தி ஓடவிடச் சொல்லுங்கள், பிளேற்றைக் கழற்றி வட்டம் போட்டுப் பாருங்கள், மறுத்தால் வெளியே வாருங்கள். ஐந்து நிமிச வேலை.

நான் வாங்கியது கறுப்பு உடல், பச்சைக் கைப்பிடி, கழுத்தில் வெள்ளி நிற ஸ்ரிக்கர். அப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றிரவே கழற்றி அளந்து பாருங்கள். 8 என்று வந்து, வாங்கி மூன்று மாதம் ஆகாமலும் இருந்தால் தயவுசெய்து நீங்களும் முறைப்பாடு எழுதுங்கள். இப்போது அங்கே என்னுடைய கடிதம் ஒன்றுதான் கிடக்கிறது.