ரூ. 11,800 போச்சு: காட்டுக் கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

எனக்குக் கேமரா விற்ற ஆள் இன்று காலை என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். இனி எனக்கென்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை. தோட்டத்து ஓரத்தில் ராத்திரி கரடி வந்து கரையான் புற்றைத் தோண்டிவிட்டுப் போகிறது. ஈர மண்ணில் நகம் பதிந்த தடம் பார்த்ததிலிருந்து அதைப் படம் பிடிக்க ஆசை. பொருள் வாங்கி விற்கிற ஒரு செயலியில் 'சீல் பிரிக்காத டிரெயில் கேமரா' (விலங்கு குறுக்கே வந்தால் தானாகப் படம் எடுக்கும் காட்டுக் கேமரா) என்று ஒருவன் போட்டிருந்தான். பேசினேன்.

"நானும் உங்களை மாதிரி காட்டுப் பைத்தியம்தான் அண்ணா" என்றவன் ஒரு வீடியோ அனுப்பினான். ஓடைப் பாறையில் நின்று சிறுத்தை திரும்பிப் பார்க்கிறது, கண் இரண்டும் பளிச்சென்று. "இதே மாடல்தான் அண்ணா, போன மாசம் நானே வச்சு எடுத்தது." அங்கேதான் விழுந்தேன். செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக யுபிஐயில் போட்டால் 500 குறைச்சல் என்றான். 11,800 ரூபாய் போட்டேன்.

ராத்திரியில் படம் எடுக்க இதில் இருக்கும் அகச்சிவப்பு விளக்கின் அலைநீளம் 940 நானோமீட்டர், எரிவதே தெரியாது என்றான். முதல் ராத்திரியே வாசலிலிருந்து பார்த்தால் சிவப்புப் புள்ளிகள் மினுங்குகின்றன. 850 வகை! விலங்கு கடந்து போன பிறகுதான் கேமரா முழிக்கிறது. மூன்று வாரத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒரு முள்ளம்பன்றியின் பின்பக்கம். "இதுக்கா 11,800?" என்றாள் மனைவி. ஒரு மழைதான், லென்ஸுக்கு உள்பக்கம் ஆவி. திறந்து பார்த்தால் மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் ஒரு மூலையில் இல்லவே இல்லை. அன்றைக்குக் கரடி வந்தது. படம் முழுக்க வெள்ளை.

கேட்டால், பேட்டரி மாத்துங்க அண்ணா. எட்டு லித்தியம் வாங்கினேன். அப்புறம், கார்டு மாத்துங்க. அதுவும் செய்தேன். அப்புறம், முன்னால இருக்கிற புல்லை வெட்டுங்க (அது நியாயம்தான், புல் ஆடினாலும் படம் எடுத்துத் தள்ளும்). கடைசியில், "நான் வாங்கி விக்கிறவன், கம்பெனியைக் கேளுங்க." செயலிக்காரர்கள், வெளியே நடந்த பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். வங்கியோ, நீங்களாக அனுப்பிய பணம் என்கிறது. நேற்று நண்பன் ஒருவன் காட்டினான்: அதே சிறுத்தை, அதே பாறை, வேறொருவன் விளம்பரத்தில்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு ஆற மாட்டேன் என்கிறது. செயலிக்கு வெளியே காசு போடாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மெகாபிக்சல் கணக்கை நம்பாதீர்கள், சின்னப் படத்தை ஊதிப் பெரிதாக்கித்தான் பாதிப் பேர் விற்கிறார்கள். ஏமாந்தால் உடனே 1930, சைபர் மோசடிப் புகார் எண். நான் தாமதமாகத்தான் கூப்பிட்டேன். என்னுடையது பட்டா நிலம். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் வைத்துவிடாதீர்கள், அது வேறு வம்பு.

நேற்று ராத்திரியும் கரடி வந்திருக்கிறது. புற்றுக்குழி இன்னும் ஒரு முழம் ஆழம்.