மூன்றாம் கட்டுக்கு எந்த ஒயர்: 1.5, 2.5, 4 ஸ்கொயர்

மெயின் போர்டு முகப்பில் இருக்கிறது, கீசரும் கிணற்றடி மோட்டாரும் மூன்றாம் கட்டில், அதாவது வீட்டின் பின்கட்டில். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் இது வழக்கம். ஒயர் 50 மீட்டர் ஓடினால், போக வர 100 மீட்டர் செம்பு. அதன் ரெசிஸ்டன்ஸ் 1.5 ஸ்கொயரில் (செம்பின் குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர்) சுமார் 1.2 ஓம், 2.5-இல் 0.74, 4-இல் 0.46.

முதலில் கீசர். 230 வோல்ட்டுக்கு 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 26.5 ஓம். இதோடு 1.5 ஸ்கொயரின் 1.2 ஓம் சேரும்போது கரண்ட் 8.3 ஆம்பியராகக் குறைகிறது. ஒயரிலேயே 10 வோல்ட் போய்விடும். அந்த 10-ஐ 8.3-ஆல் பெருக்குங்கள்: 83 வாட் ஒயரைச் சூடாக்கவே செலவு. கீசருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1830 வாட். 2.5-இல் ஒயர் தின்பது 53 வாட், 4-இல் 34.

தடித்த ஒயர் போட்டால் பில் குறையும் என்று கடையில் சொல்வார்கள். தினம் ஒரு மணி நேரம் கீசர் ஓடினால், 1.5-க்கும் 4-க்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 18 யூனிட். இதற்காக இரண்டரை மடங்குக்கும் மேல் செம்பு வாங்க வேண்டியதில்லை. கீசருக்கு மட்டும் என்றால் 2.5 போதும்.

மோட்டார்தான் கணக்கை மாற்றுகிறது. 6 ஆம்பியரில் ஓடும் மோட்டார், கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு, அதாவது 30 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது 1.5-இல் 36 வோல்ட் இறங்கும், 2.5-இல் 22, 4-இல் 14. மோட்டாரைச் சுற்றவைக்கும் முறுக்குவிசையோ வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. சாயங்காலம் லைனிலேயே 200 வோல்ட்தான் என்றால், 1.5 ஒயரின் முனையில் முறுக்குவிசை, 230 வோல்ட்டில் கிடைப்பதில் பாதியளவுக்கு வந்துவிடும். மோட்டார் உறுமும், சுற்றாது, வைண்டிங் சூடேறும். மோட்டாருக்குத் தனியாக 4 ஸ்கொயர் இழுப்பதே சரி. முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்ட மனம் வராது, வெட்டவும் கூடாது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பைப்பில் கொண்டுபோகலாம். அந்த வேலையை இரண்டு தடவை செய்ய யாருக்கும் பிடிக்காது என்பதும் 4-க்கு ஒரு காரணம்.

லைட், ஃபேனுக்கு 1.5 தாராளம்.

ஏற்கெனவே ஒயர் இருந்தால்? மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்ப்பது இங்கே சரிவராது. மீட்டர் கம்பிகளின் ரெசிஸ்டன்ஸே கணக்கைக் கெடுக்கும். எலக்ட்ரீஷியனை விட்டு, கீசர் பாயிண்டில் வோல்ட்டேஜை ஆஃபில் ஒரு தடவை, ஆனில் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளப்பது) ஆம்பியரும் வேண்டும். 228 வோல்ட் 217 ஆகி, கரண்ட் 8.2 என்றால், 11-ஐ 8.2-ஆல் வகுக்க 1.3 ஓம். இதை மோட்டாரில் செய்யாதீர்கள்; அதில் வோல்ட்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை, அதனால் பவர் ஃபேக்டர் குறுக்கே வரும், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலும் சரியான வாட் வராது. அப்புறம், மெயின் போர்டிலும் இதே அளவை எடுக்க வேண்டும். கீசர் போட்டதும் அங்கேயே 4 வோல்ட் இறங்கினால், அந்தப் பங்கு தெரு லைனுடையது. அதை வீட்டு ஒயரை மாற்றிச் சரிசெய்ய முடியாது.